கட்டடம் முதலா, பிள்ளை முதலா?

(நமது அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே முழுமையாக வெளியிடப்படுகிறது.)





வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போதுதான் வாசித்து முடித்தார். அல்ஹம்துலில்லாஹ், ஒரு வருடம் முடிந்தது. அடுத்த வருடம் என்ன செய்வது என்பதில் உங்களிடம் ஒரு விஷயத்தை வைத்து, உங்கள் கருத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது.

ஒத்தக்கடையில் நமக்கென்று ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்ற பேச்சு கடந்த சில ஆண்டுகளாக நம் மத்தியில் இருந்து வருகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் சகோதரர்கள் சிலர், "இடத்தைப் பாருங்கள், கட்டடத்துக்கு நாங்கள் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுடைய நிய்யத்தை ஏற்றுக்கொள்வானாக. நாங்களும் அந்த ஆசையில்தான் இருந்தோம். மேலூர் சாலையில் இரண்டு இடங்களைப் போய்ப் பார்த்தும் வந்தோம். ஆனால் கணக்குப் போட்டு, விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்து, நம் தெருப் பிள்ளைகளின் நிலைமையையும் பார்த்த பிறகு எங்கள் எண்ணம் மாறியிருக்கிறது. ஏன் மாறியது என்பதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்ற ஆசையில் எந்தத் தவறும் இல்லை. நம் மார்க்கத்தில் முதல் வஹீயின் முதல் சொல்லே ஓதுவதைப் பற்றியது. மதீனாவில் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் பள்ளிவாசலை ஒட்டி ஸுஃப்பா என்ற திண்ணை இருந்தது. வீடு வாசல் இல்லாத ஸஹாபாக்கள் அங்கே தங்கினார்கள், ஓதினார்கள். அவர்களுடைய சாப்பாட்டுக்கு ஊர் மக்கள் பொறுப்பேற்றார்கள். ஓதுகிற இடமும் சாப்பிடுகிற இடமும் அங்கே ஒன்றாகத்தான் இருந்தன. பிற்காலத்தில் 11-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் நிஜாமுல் முல்க் அமைத்த மதரஸாவிலும் மாணவர்களுக்குத் தங்கும் இடமும் உதவித்தொகையும் வக்ஃப் வருமானத்திலிருந்து கிடைத்தன. பசியோடு இருக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நம் முன்னோர்கள் அறிந்தே இருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் நம் பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. வாணியம்பாடியில் 1919-லேயே இஸ்லாமியா கல்லூரி வந்துவிட்டது. 1951-ல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் நியூ காலேஜும் தொடங்கின. பெண் பிள்ளைகளுக்காக நீதியரசர் பஷீர் அகமது சயீத் அவர்கள் 1955-ல் சென்னையில் கல்லூரி ஆரம்பித்தார். நம் மதுரையில் வக்ஃப் வாரியக் கல்லூரி இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அதில் படித்தவர்கள்தான்.

மற்ற சமுதாயத்தாரிடமிருந்தும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. விருதுநகரில் 1889-ல் நாடார் சமுதாயத்தார் சத்திரிய வித்யாசாலையைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அந்தப் பிடியரிசியைச் சேர்த்துப் பள்ளியை நடத்தினார்கள். கடைக்காரர்கள் மகமை கொடுத்தார்கள். அந்தப் பிடியரிசிப் பள்ளியில் படித்த ஒரு பையன்தான் பின்னாளில் முதலமைச்சர் காமராஜர் ஆனார். 1956-ல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தவரும் அவரே.

இந்தப் பெருமைகளையெல்லாம் சொன்ன பிறகும் நாங்கள் ஏன் தயங்குகிறோம் என்று கேட்பீர்கள். காரணம், காலம் மாறிவிட்டது. குறிப்பாக அரசு மானியத்தின் விதி மாறிவிட்டது.

தனியார் நடத்தும் பள்ளிக்கு அரசாங்கம் பணம் கொடுப்பது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. 1854-ல் லண்டனிலிருந்து வந்த சார்லஸ் வுட் அவர்களின் கல்வி அறிக்கையில்தான் அது கொள்கையாக வந்தது. அதை முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் கிறிஸ்தவ மிஷன்கள். ஒவ்வொரு சமுதாயமும் பின்னால் வந்து சேர்ந்தது. நாம் சற்றுத் தாமதமாக வந்தோம். சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையங்கள் அமைத்து நிர்வகிக்கும் உரிமையைக் கொடுத்தது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, மானியம் கொடுக்கும்போது சிறுபான்மைப் பள்ளி என்ற காரணத்தால் பாகுபாடு காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. அப்படி உருவானவைதான் அரசு உதவி பெறும் பள்ளிகள். நிர்வாகம் நம் கையில், அனுமதிக்கப்பட்ட ஆசிரியர்களின் சம்பளம் அரசின் கையில்.

ஆனால் தமிழ்நாட்டில் 1991-92 கல்வியாண்டிலிருந்து புதிதாகத் தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கு மானியம் கிடையாது என்று ஆகிவிட்டது. இது நமக்கு மட்டுமான விதி அல்ல, எல்லோருக்கும்தான். ஆகவே இன்று நாம் ஒரு பள்ளியைத் தொடங்கினால் அது சுயநிதிப் பள்ளியாகத்தான் இருக்கும். ஆசிரியர் சம்பளம் முழுவதையும் நாமே கொடுக்க வேண்டும். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வாங்கிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தொல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிஞ்சுகள் தீயில் கருகியதை நாம் மறந்துவிட முடியாது. அந்தச் சான்றுகள் இருக்கத்தான் வேண்டும். அதற்கான செலவும் வரத்தான் செய்யும்.

அந்தச் செலவையெல்லாம் எங்கிருந்து எடுப்போம்? பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கித்தான். கட்டணம் வாங்கினால் யார் வருவார்கள்? கட்டணம் கட்ட முடிந்தவர்கள் வருவார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற தாய், கணவரை இழந்து மூன்று பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கிற சகோதரி, இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வரமாட்டார்கள். யாருக்காக இந்த அறக்கட்டளை தொடங்கப்பட்டதோ அவர்கள் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். எங்கள் மனதை உறுத்தியது இதுதான்.

சரி, அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே படிக்கிறார்கள்? அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும்தான். அங்கே அரசு என்னென்ன கொடுக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தோம். நமக்கே ஆச்சரியமாக இருந்தது.

பாடநூல், நோட்டு, புத்தகப்பை, பேருந்துப் பயண அட்டை. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை சீருடை. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள். மதியம் முட்டையோடு சாப்பாடு. சென்னையில் 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சர் பிட்டி தியாகராயர் தொடங்கிவைத்து, காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோய், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கிய திட்டம் அது.

இப்போது காலை உணவும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் அந்தத் திட்டம் தொடங்கப்பட்டது எந்த ஊரில் தெரியுமா? நம் மதுரையில், நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். நம் மக்கள் நிறைந்து வாழும் பகுதி அது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகளில், 1 லட்சத்து 14 ஆயிரம் பிள்ளைகளுக்கு என்று ஆரம்பித்தார்கள். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதியில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26 முதல் நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று முழுக்கச் சைவ உணவு. ஹலால் பற்றி யாருக்கும் ஐயம் வேண்டாம்.

மேற்படிப்புக்கு வாருங்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமண உதவித் திட்டம் இருந்தது. அது உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டு, 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டமாக நடந்து வருகிறது. கல்யாணத்துக்குக் கொடுத்ததைப் படிப்புக்குக் கொடுக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் 2024 டிசம்பர் இறுதியிலிருந்து விரிவாக்கினார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அது போக, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு 2007-லிருந்து இருக்கிறது.

இவ்வளவும் பட்டியலில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்கிறதா? இந்தக் கேள்வியோடு வீடு வீடாகப் போனபோதுதான் எங்கள் தவறுகளும் எங்களுக்குத் தெரிந்தன. மூன்று விஷயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, காலை மதரஸா. நம் மதரஸா காலை ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி, சீருடை மாற்றி, பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது காலை உணவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். வீட்டிலும் சாப்பிடவில்லை, பள்ளியிலும் சாப்பிடவில்லை. மதியம் வரை வெறும் வயிறு. "பிள்ளைங்க பத்து மணிக்கே தலையைச் சாய்ச்சிடுறாங்க பாய்" என்று ஒரு ஆசிரியை சொன்னார். அரசு சோறு போடுகிறது, நம் கடிகாரம் அதைத் தடுக்கிறது. எத்தனையோ மாதம் இது நமக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. ஹஜ்ரத் அவர்களிடம் சொன்னோம். அவர்கள் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. ஆறரைக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்கு முடிக்கிறோம் என்றார்கள். இப்போது அப்படித்தான் நடக்கிறது. இதற்கு ஒரு ரூபாய் செலவாகவில்லை.

இரண்டாவது, சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. நம் மஹல்லாவில் ஒரு தாய், மகள் ஆங்கிலம் பேச வேண்டும் என்ற ஆசையில், நகையை அடகு வைத்து எட்டாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினார். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கை நாங்கள்தான் கல்வி உதவி என்று கொடுத்தோம். இரண்டு வருடம் கழித்துக் கட்டணம் கட்ட முடியவில்லை. பிள்ளை மறுபடியும் அரசுப் பள்ளிக்கே வந்தாள். நன்றாகப் படித்து இப்போது கல்லூரியில் இருக்கிறாள், மாஷா அல்லாஹ். அவளோடு படித்த தோழிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அவளுக்கு இல்லை. இடையில் இரண்டு வருடம் வெளியே போய்விட்டதால் தகுதி போய்விட்டது. மூன்று வருடப் படிப்புக்கு 36,000 ரூபாய். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தொடர்ந்து படிக்க வேண்டும் என்ற விதியை அந்தத் தாயிடம் யாரும் சொல்லவில்லை. பணம் கொடுத்த நாங்களும் விசாரிக்கவில்லை. நாங்கள் கொடுத்த உதவியே அந்தப் பிள்ளைக்கு நஷ்டமாகப் போய்விட்டது.

மூன்றாவது, பெயர். முஹம்மது என்ற ஒரே பெயரை நாம் ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். ஆதாரில் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதம். தாயின் பெயரில் பீவியும் பேகமும் பானுவும் இடம் மாறிக் கிடக்கும். பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருகிற இந்தக் காலத்தில், பெயர் பொருந்தாவிட்டால் பணம் நின்றுவிடும். சாதிச் சான்றிதழும் அப்படித்தான். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலில் அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் அடங்கிய லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது என்று ஏழு பிரிவுகள்தான் இருக்கின்றன. வெறுமனே 'முஸ்லிம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் 3.5 விழுக்காட்டில் சேர முடியாது. இ-சேவை மையத்துக்கு நான்கு தடவை அலைந்து, ஒவ்வொரு தடவையும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு, கடைசியில் "வேண்டாம் போ" என்று விட்ட குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன.

சகோதரர்களே, இந்த மூன்றிலும் பாருங்கள். பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளையும் இருக்கிறது. இடையில் நின்று பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இல்லை.

இது ஒத்தக்கடைக்கு மட்டுமான குறை அல்ல. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 'சமூகப் பள்ளி' என்ற திட்டத்துக்கு 2021-ல் 300 கோடி டாலர் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு அதை 410 கோடி டாலராக உயர்த்தியது. பள்ளிக்கூடத்திலேயே மருத்துவம், மனநல ஆலோசனை, மாலை நேரப் படிப்பு, பெற்றோருக்கான உதவி எல்லாம் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அவ்வளவு பணம் உள்ள மாநிலத்திலேயே அந்தத் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவரை வைக்கிறார்கள். குடும்பத்தையும் பள்ளியையும் அரசு அலுவலகத்தையும் சேர்த்துவைப்பதுதான் அவருடைய வேலை. திட்டம் தானாக வீட்டு வாசலுக்கு நடந்து வராது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இனி நிர்வாகக் குழுவின் யோசனைக்கு வருகிறோம்.

ஒன்று: கட்டடத் திட்டத்தை இப்போதைக்கு நிறுத்திவைப்போம். நம் மஹல்லாவிலேயே பட்டம் படித்த ஒரு பெண்ணைக் கல்விப் பொறுப்பாளராக மாதச் சம்பளத்துக்கு நியமிப்போம். ஏன் பெண் என்றால், பகலில் வீட்டுக்குள் போய்த் தாயோடு உட்கார்ந்து பேச அவரால்தான் முடியும். எந்தெந்த வீட்டில் எந்த வகுப்புப் பிள்ளை, எந்தப் பள்ளி, எந்தச் சான்றிதழ் குறைகிறது என்று ஒரு பதிவேடு அவரிடம் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லை என்றால் நான்காம் நாள் அவர் அந்த வீட்டு வாசலில் இருக்க வேண்டும்.

இரண்டு: ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் உதவி மேசை. விண்ணப்பம் எழுத, பெயர் திருத்த, வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைக்கத் தேவையானதைப் பார்த்துச் சொல்ல, கல்லூரியில் படிக்கிற நம் வாலிபர்கள் முறை வைத்து உட்கார வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிக்கிற ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரையும் அழைத்து, ஆறாம் வகுப்பு எங்கே என்று முடிவெடுக்கும் முன்பே விதிகளை விளக்க வேண்டும். விதிகள் மாறக் கூடியவை என்பதால் ஒவ்வொரு வருடமும் பள்ளியில் கேட்டு உறுதி செய்வதும் பொறுப்பாளரின் வேலை.

மூன்று: மஃரிபுக்குப் பிறகு மதரஸா கூடத்தில் மாலைப் படிப்பு. விளக்கு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, இடம் இருக்கிறது. ஒரே அறை வீட்டில் தொலைக்காட்சிக்கும் அடுப்புக்கும் நடுவில் பிள்ளை எப்படிப் படிக்கும்? ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஆசிரியர் வைப்போம்.

நான்கு: பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நம் தாய்மார்கள் அதில் இருக்க வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறது என்று நாம் பள்ளிவாசலில் பேசிப் பயனில்லை. அந்தக் குழுவில் தீர்மானமாக எழுதப்பட வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 ஆனால் மூன்று ஆசிரியர்கள் என்பது சட்டத்தின் அட்டவணை. ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரே ஒரு பிள்ளையை நாம் சேர்த்தால் அறுபது பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு ஆசிரியர் கிடைக்கலாம்.

இதைக் கேட்டு உங்களில் சிலருக்குக் கேள்விகள் எழும். குழுவிலும் எழுந்தன.

"அரசு செய்ய வேண்டிய வேலைக்கு நம் பணத்தை ஏன் செலவழிக்க வேண்டும்?" என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்வி. அரசின் வேலையை நாம் எடுத்துச் செய்யப் போவதில்லை. சோறும் சம்பளமும் சைக்கிளும் அரசே கொடுக்கட்டும். அது யாருடைய தர்மமும் அல்ல, நாம் தீப்பெட்டி வாங்கும்போதும் கட்டுகிற வரியிலிருந்து வருவது. அது வழியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள மட்டும் நாம் செலவழிக்கிறோம். ஒரு பொறுப்பாளரின் சம்பளம் எவ்வளவு, அவர் முயற்சியால் நூறு குடும்பங்களுக்கு வந்து சேர்வது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"நம் பிள்ளைகளுக்குத் தீனிய்யத் வேண்டாமா?" என்றார் இன்னொருவர். கட்டாயம் வேண்டும். அதற்குத்தான் காலை மதரஸா இருக்கிறது, மாலையில் கூடமும் இருக்கிறது. 2006-ல் வந்த சச்சார் குழு அறிக்கை, முஸ்லிம் பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் முழுநேர மதரஸாவில் படிக்கிறார்கள் என்று சொன்னது. பள்ளிக்குப் போகிற மற்றவர்கள் பொதுப் பள்ளியில்தான் இருக்கிறார்கள். அதே அறிக்கைதான் ஆறிலிருந்து பதினான்கு வயது முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கு பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்றும் சொன்னது. நாம் கவலைப்பட வேண்டியது அந்த நான்கில் ஒரு பங்கைப் பற்றி. நாடு முழுவதுக்குமான கணக்கு அது, தமிழ்நாட்டில் நாம் அதைவிட மேலான நிலையில் இருந்தோம் என்பது உண்மை. ஆனாலும் இடைநின்ற ஒரு பிள்ளை நம் தெருவில் இருந்தால், அந்த வீட்டுக்கு மாநிலச் சராசரி ஆறுதல் தராது.

"வெளிநாட்டுச் சகோதரர்கள் கட்டடத்துக்குத்தானே தருகிறோம் என்றார்கள்?" என்றும் கேட்டார்கள். இங்கே மார்க்கச் சட்டம் ஒன்றை நினைவூட்ட வேண்டும். ஜகாத் எட்டு வகையினருக்கு உரியது. ஏழையின் கைக்கு உரிமையாகப் போய்ச் சேர வேண்டிய அதைச் செங்கல்லிலும் சிமெண்டிலும் போட முடியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் நிலைப்பாடு. ஹஜ்ரத் அவர்களும் இதை உறுதி செய்தார்கள். ஜகாத் பணத்தைத் தகுதியுள்ள பிள்ளையின் தேர்வுக் கட்டணத்துக்கும் கண்ணாடிக்கும் குடும்பத்தின் அவசரத் தேவைக்கும் அவர்கள் கையிலேயே கொடுப்போம். பொறுப்பாளரின் சம்பளத்துக்கும் மாலைப் படிப்புக்கும் சதகாவிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் எடுப்போம். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பள்ளிவாசல் பலகையில் ஒட்டுவோம்.

கட்டடம் தருகிறோம் என்ற சகோதரர்களிடம் இதையே எழுதிக் கேட்டோம். ஒருவர் பதில் சொன்னார்: "கட்டடத்துல பேர் போடலாம், ஒரு பொறுப்பாளர் மேல எங்க போடுறது?" வேடிக்கையாகத்தான் சொன்னார். பிறகு ஒரு வருடச் சம்பளத்துக்கு அவரே பொறுப்பேற்றார், பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. அல்லாஹ் அவருக்குப் பரக்கத் செய்வானாக.

பள்ளிக்கூடம் கட்டும் கனவை நாங்கள் புதைத்துவிடவில்லை. மஹல்லாவில் இடைநின்ற பிள்ளை ஒன்றுகூட இல்லை, வர வேண்டிய உதவி எந்த வீட்டிலும் நிற்கவில்லை என்று பதிவேடு சொல்லும் நாளில், இன்ஷா அல்லாஹ், மறுபடியும் இடம் பார்க்கப் போவோம்.

உங்களிடம் கேட்பது மூன்றுதான். ஒன்று, இந்த யோசனையை ஏற்கலாமா வேண்டாமா என்று இன்றே மனம்விட்டுச் சொல்லுங்கள். மறுப்பவர்கள் தயங்காமல் மறுக்கலாம், மஷூரா என்பது அதற்குத்தான். இரண்டு, இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்று, வங்கிப் புத்தகம் நான்கையும் பாயில் விரித்து வைத்து, பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள். மூன்று, பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை பள்ளி நேரத்தில் தெருவில் நின்றால், அது யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் எங்களுக்குச் சொல்லுங்கள். முஸ்லிம் பிள்ளையாக இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். நம் தெருப் பிள்ளை என்றால் அது நம் பொறுப்புதான்.

யானைமலை அடிவாரத்தில் ஒரு பக்கம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. தினமும் அந்த வாசல்களைத் தாண்டித்தான் நாம் வேலைக்குப் போகிறோம். அந்த வாசல்களுக்குள் மாணவராக, அலுவலராக, வழக்கறிஞராக நம் பிள்ளைகள் போக வேண்டுமென்றால், அதற்கான வழி நாளைக் காலை எட்டு மணிக்கு வயிறு நிறைந்து வகுப்பில் உட்காருவதில் தொடங்குகிறது.

நம்முடைய குறைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. நம் கையில் இருக்கும் அமானத்தைச் சரியாகச் சேர்ப்பிக்கும் தவ்ஃபீக்கை நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.

(கூட்டத்தில் கல்விப் பொறுப்பாளர் நியமனம் ஏகமனதாக ஏற்கப்பட்டது. மாலைப் படிப்பில் பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும் என்று தாய்மார்கள் தரப்பிலிருந்து வந்த கோரிக்கையும் தீர்மானத்தில் சேர்க்கப்பட்டது.)